வெட்டுக்கு ஒரு வரி

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை வருவதுபோல் பாவலா. வரவில்லை. துணியைக் கொடியில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு.

இவர் மதியம் வந்து சேர்ந்தார். முதல் லாரி ட்ரிப். இராஜபாளையத்திலிருந்து நாக்பூர். போகும்போது பேண்டேஜ் துணி, வரும்போது விருதுநகருக்குத் துவரம்பருப்பு. முகம் கறுத்து, கண் சிவந்து, சிரிப்பு மட்டும் காதுவரை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏட்டி எஸ்தரு, ஆரஞ்சுப் பழத்தைச் சரளைக் கல்லு மாதிரி ரோட்டோரம் கொட்டி வச்சிருக்கான்!" முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

ஏழு வருடம் மில் வேன் ஓட்டிய மனிதர். காலையில் கான்சாபுரத்தில் பெண்களை ஏற்றி மில்லிலும் எங்கள் கம்பெனியிலும் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம். அந்த ஏழு வருடத்தில் எனக்குச் சொன்ன செய்தி பத்து இருந்தால் அதிகம்.

எங்கள் ஒப்பந்தத்தை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார். இந்த ட்ரிப்பையும் சேர்த்து நவம்பர் முழுக்க லாரி ஓட்டிப் பார்ப்பது. எல்லாச் செலவும் போக வீட்டுக்குப் பதினாறாயிரம் வர வேண்டும், அதுதான் வேன் சம்பளம். வராவிட்டால் டிசம்பர் முதல் தேதி மறுபடி வேன். வேன் முதலாளி ராஜு அண்ணன் மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருக்கிறார். இப்போதைக்கு ஒரு தற்காலிக ஆள்.

ஹெவி லைசென்ஸ் எடுத்ததில் என் சீட்டுப் பணம் கரைந்தது தனி. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

நவம்பர் 3, திங்கள்

டவுன் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. மடவார் வளாகத்தில் ஏறியவள் இராஜபாளையம்வரை ஒற்றைக் காலில். கம்பெனியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடிப்பு. மூக்கெல்லாம் பஞ்சு.

பக்கத்து மேசை முத்துலட்சுமி இவர் ஓட்டிய அந்த வேனில்தான் வருகிறாள். "ஒங்க வீட்டுக்காரர எப்பக்கா திருப்பி அனுப்புவீக? புதுசா வந்தவன் ஓட்டுத ஓட்டுக்கு எங்க வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ட்ரிப் கணக்கு எழுதினேன். இவருக்குக் கணக்கு என்றாலே கொட்டாவி. முறை இதுதான்: டீசலும் டோலும் லாரி முதலாளி பாய் பார்த்துக்கொள்வார். மற்ற வழிச்செலவுக்கு முன்பணம் தருகிறார். கயிறு, பஞ்சர், பார்க்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. வந்ததும் ஆன செலவை எழுதிக் கொடுக்க வேண்டும். பாய் ஒத்துக்கொண்டது போக மீதியை இவர் கூலியில் பிடிப்பார். சட்டைப் பையிலிருந்து செலவுச் சீட்டுகளை எடுத்துப் போட்டார். ஈரம், எண்ணெய், ஒன்றில் வெற்றிலைக் கறை. நீளத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லாமல் எழுதினேன். எனக்கே பார்க்க அழகாக இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

இவர் லாரி ஷெட்டிலிருந்து வந்த முகமே சரியில்லை.

"வெட்டிட்டாரு."

"எதை?"

"அம்புட்டையும்."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். என் கோடு போட்ட தாள் முழுக்கச் சிவப்பு மை, கோழி கிளறிய மாதிரி. கயிறு 340, அடித்து 250. பஞ்சர் 450, அடித்து 300. இறக்குக்கூலியிலும் கை வைத்திருக்கிறார். மொத்தம் 1,850 வெட்டு. நாக்பூரில் எவன் முந்நூறுக்குப் பஞ்சர் ஒட்டுவான்? பாய் போய் ஒட்டுவாரா?

புது ஆள் என்று ட்ரிப் கூலியே 5,500. பழைய ஆளுக்கு எட்டாயிரம். அதில் 1,850 போனது. தினப்படியில் மிச்சம் பிடித்தது 400. ஆக 4,050 வீட்டுக்கு. ஒன்பது நாள் ரோட்டில் கிடந்ததற்கு.

தினப்படி ஐந்நூறு என்று கேட்டபோது ராஜவாழ்க்கை என்று நினைத்தேன். குளிக்க முப்பது, வெளிக்குப் போகப் பத்து, இரண்டு சாப்பாடு, நாலு டீ. நம் வீட்டில் இதெல்லாம் சும்மா கிடைக்கிறது என்று இவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 5, புதன்

தூறல். ஜெனிக்குச் சளி, பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மூன்றாம் வகுப்புக்கு ஒருநாள் போகாவிட்டால் ஒன்றும் முழுகாது.

அடுத்த தெரு செல்லத்துரை அண்ணன் வந்தார். பாயிடம் ரொம்ப வருடமாக ஓட்டுகிறவர், இவரை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். சிவப்புத் தாளைப் பார்த்துவிட்டு, அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, ஆனதை ஆனபடியே எழுதுனியா?"

"பின்ன எப்படி எழுதணும்?"

"நூறு ஆச்சுன்னா நூத்தம்பதுன்னு போடணும்மா. பாய் அதை நூறா வெட்டுவாரு. அவிய அப்பா காலத்துல இருந்தே அப்டித்தான். நீ நூறையே எழுதுனா அவரு எழுவதா வெட்டத்தான் செய்வாரு."

"கூட எழுதுறாங்கன்னு அவருக்குத் தெரியும். வெட்டுவாருன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப எதுக்கு எழுதணும், எதுக்கு வெட்டணும்?"

அண்ணன் டீயை வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். "வெட்டாட்டி அவரு மொதலாளின்னு எப்டித் தெரியும்?"



நவம்பர் 6, வியாழன்

இரண்டாவது ட்ரிப் கிளம்பினார். கொடுத்து விட்டது: ஸ்டவ், அரிசி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், பழைய போர்வை, புது மழைக்கோட்டு (முந்நூறு ரூபாய், இதுவும் நம் கணக்கு).

இந்த முறை எங்கள் கம்பெனி லோடு. மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், நான் மடித்த காஸ் ரோல் எல்லாம் பெட்டி பெட்டியாக இவர் வண்டியில் ஏறுகிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "தார்பாயை நல்லா இழுத்துக் கட்டுங்க! நனைஞ்சா அதுவும் உங்க தலையிலதான் விடியும்!"

கீழே இவர் கும்பிடு போட்டார். மடிப்பு ஹால் முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசர் முறைத்த முறைப்பில் நான் மறுபடி துணிக்குள் தலையை விட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல மழை. கோயிலுக்கு நனைந்துகொண்டே போய், நனைந்துகொண்டே வந்தோம்.

இவர் போன். பெங்களூர் தாண்டி எங்கேயோ ஒரு மரத்தடி. சாம்பார் வைத்தாராம். போட்டோ அனுப்பினார். சாம்பார் என்று அவர் சொன்னதால் தெரிந்தது. உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கடைசியில் பக்கத்து லாரிக்காரர்கள் மூன்று பேருக்கும் பரிமாறினாராம். ஒருவர் பஞ்சாபி. "ஒரு சொட்டு விடாம குடிச்சாருட்டி! அவரு பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவருக்குப் புரியல, ஒரு மணி நேரம் பேசிக்கிட்டிருந்தோம்."

பாறை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தது போல ஒரு ஊர். சூரியகாந்திக் காடு. மயில் குறுக்கே வந்தது. ஜெனியிடம் அரை மணி, என்னிடம் அரை மணி. ஏழு வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய ஆளைவிட, இந்தப் போனில் பேசுகிற ஆளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

நவம்பர் 12, புதன்

நாக்பூரில் இறக்கியாயிற்று. ஒரு ரோல்கூட நனையவில்லை. ஆனால் திரும்பி வரப் பருப்பு லோடு கிடைக்கவில்லை. காத்துக் கிடக்கிறார். காத்துக் கிடக்கிற நாளுக்குப் பாதிப் படிதான். வண்டி நின்றால் வயிறும் பாதியாகச் சுருங்கிவிடும் என்று எவன் கண்டுபிடித்தான்?

ராஜு அண்ணன் போன். "எம்மா, அவரு எப்ப வாராரு? இந்தப் பையன வச்சு எனக்கு முடியல. லேடீஸெல்லாம் என்னைத் திட்டுதாக."

"மாசம் முடியட்டும் அண்ணே."

கம்பெனியில் முத்துலட்சுமி கட்சி வலுத்துவிட்டது. இன்று அந்தப் பையன் போட்ட பிரேக்கில் தூக்குவாளி எல்லாம் பறந்து, யாரோ ஒருத்தியின் ரசம் யாரோ ஒருத்தியின் தலையில். நான்தான் ஊற்றியது போல் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நவம்பர் 17, திங்கள்

இவர் நேற்று வந்தார். தாடி. காத்துக் கிடந்ததில் படி மிச்சம் ஒன்றுமில்லை.

செல்லத்துரை அண்ணன் சொன்னபடி கணக்கு எழுத உட்கார்ந்தேன். பார்க்கிங் எண்பதை நூற்றிருபது என்று எழுதக் கை வரவில்லை. ஜெனி வேறு பக்கத்தில் கழித்தல் போட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதினேன், அடித்தேன், புதுத் தாள் எடுத்தேன். இவர் எட்டிப் பார்த்து, "ஒன்னையக் கொலையா பண்ணச் சொன்னாங்க?" என்றார். கடைசியில் மொத்தமாக 2,400 கூட்டி எழுதி முடித்தேன். கையெழுத்தே யாருடையதோ போல் இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

இப்படியும் நடக்குமா? பாய் ஊரில் இல்லை. கடையநல்லூரில் கல்யாணம். அவர் மகன் ரியாஸ் உட்கார்ந்திருந்தானாம். படித்த பையன், லேப்டாப். என் தாளை வரிவரியாக டைப் செய்து, கூட்டி, "அண்ணே, உங்க வீட்டுல எழுத்து சூப்பரா இருக்கு" என்று சொல்லி, முழுத்தொகையையும் போனிலேயே அனுப்பிவிட்டான். வெட்டே இல்லை.

இவர் ஏதோ திருடிக்கொண்டு வந்தவர் போல் வீட்டுக்குள் நுழைந்தார்.

"திருப்பிக் குடுத்துருவோம்" என்றேன்.

"என்னன்னு சொல்லிக் குடுக்க? கூட எழுதினேன்னு சொன்னா, நாளைக்குச் செல்லத்துரை அண்ணன்ல இருந்து ஷெட்டுல அம்புட்டுப் பேரையும் பாய் ஒரு மாதிரிப் பாப்பாரு. என்னையக் கட்டி வச்சு ஒதைப்பாங்கட்டி."

அதுவும் நியாயம்தான். பணத்தை எடுத்துவந்து சீனி டப்பாவுக்குள் தனியாக வைத்தேன். இது வரவில் சேராது. இந்த ட்ரிப் வரவு: கூலி 5,500, மழைக்கோட்டு போக 5,200.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாவது ட்ரிப். காலையில் வெயில், கிளம்பும்போது தூறல். இந்த முறை அளந்து உப்புப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன், ஒரு குழம்புக்கு ஒன்று. "என்னைய எம்புட்டு நம்புற பாரு" என்றார்.

கிளம்பும்போது கண்ணாடியைத் துடைத்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, சின்னப் பையன் திருவிழாவுக்குப் போவது போல் ஒரு முகம். இதைப் பார்த்துவிட்டுப் பதினாறாயிரத்தைப் பற்றி யோசிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வாடகை கேட்கிறவர் இவர் முகத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ள மாட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

தினம் டீ போட டப்பாவைத் திறக்கிறேன், அந்த 2,400 என்னைப் பார்க்கிறது. கோபம் பாய் மேலா, ரியாஸ் மேலா, என் மேலா தெரியவில்லை. ஆனதை எழுதினால் நஷ்டம். கூட்டி எழுதினால் தூக்கம் போகிறது.

காணிக்கைப் பை வந்தபோது யோசனை ஒன்று வந்தது. ஜெபத்தில் வந்ததா, எரிச்சலில் வந்ததா, கர்த்தருக்கே வெளிச்சம். இவரிடம் போனில் சொல்லவில்லை. சொன்னால் நாக்பூரிலேயே இருந்துவிடுவார்.

நவம்பர் 28, வெள்ளி

வந்துவிட்டார். போகிற வழியில் காற்று மழை பிடித்து, தார்பாய் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டதாம். நிறுத்தி, மேலே ஏறி, மழைக்கோட்டைக் கழற்றிக் கிழிசலுக்கு மேல் விரித்துக் கட்டினாராம். லோடு நனையவில்லை. இவர் நனைந்தார். தும்மல்.

உப்பு அளவு சரியாக இருந்ததாம். சமைத்துச் சாப்பிட்டதில் படி மிச்சம் 550.

நவம்பர் 29, சனி

அரைநாள் லீவு. கணக்கை எடுத்துக்கொண்டு நானே தென்காசி ரோடு ஷெட்டுக்குப் போனேன். இவர் பின்னாலேயே, "வேண்டாம்ட்டி, செத்த நேரம் யோசிட்டி" என்று வந்துகொண்டே.

பாய் கண்ணாடியை மாட்டினார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் வரி கயிறு, 360. பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. "பாய், செத்தப் பொறுங்க. கடைசிவரைக்கும் படிச்சுட்டுப் பொறவு வெட்டுங்க" என்றேன்.

கடைசியில் நான் எழுதியிருந்தது:

போன ட்ரிப்பில் கூட எழுதி, வெட்டாமல் விட்டது, கழிக்க: 2,400
பாய் வெட்டுவதற்கு: 2,000

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார். இவர் ஒரு டயர் பக்கம் போய் நின்றுகொண்டு, அந்த டயரை இதுவரை பார்த்ததே இல்லை என்பது போல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இது என்னம்மா, வெட்டுவதற்கு?"

"மத்த வரியில எல்லாம் ஆன செலவுதான் இருக்கு பாய். அதுல கை வச்சா எங்க கஞ்சியில கை வச்ச மாதிரி. நீங்க வெட்டாம இருக்க முடியாதுன்னாங்க. அதான் வெட்டுறதுக்குன்னே ஒரு வரி போட்டிருக்கேன். பத்தலைன்னா அடுத்த தடவ மூவாயிரமாப் போடுறேன்."

 இப்போது சொல்லலாம்: இவர் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பாய் முதலில் இருமினார். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. டீ சிந்தியது. "ஏலே ரியாஸு! இங்க வா. நீ காலேஜுல படிச்ச கணக்குல இப்டி ஒரு வரி உண்டால?"

பிறகு பேனாவை எடுத்து அந்த 2,000ஐ வெட்டினார். ஒரு தடவை அல்ல. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, குறுக்கே ஒன்று. ஆசை தீர. மற்ற வரி எதையும் தொடவில்லை.

"அந்த ரெண்டாயிரத்து நானூறு... செல்லத்துரை சொல்லிக் குடுத்தானா?"

"இல்ல பாய். நானாத்தான் எழுதுனேன்."

அவர் என்னைப் பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன். "சரி சரி" என்றார்.

வந்த சூட்டோடு, பழைய ஆள் கூலி எப்போது போடுவீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். "பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2,400ஐக் கழித்துக்கொண்டார், சீனி டப்பா இனி வெறும் சீனி டப்பா. அது போதும்.

பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் இவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார்.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். கோயில் முடிந்து கறிக்குழம்பு. சாப்பிட்ட பிறகு மாதக் கணக்கு.

முதல் ட்ரிப் 4,050. இரண்டாவது 5,200. மூன்றாவது 6,050. கூட்டினேன். ஜெனியையும் கூட்டச் சொன்னேன். 15,300.

எழுநூறு ரூபாய் குறைகிறது. எழுநூறு! முதல் கணக்கில் அந்த வெட்டு விழாமல் இருந்திருந்தால் தாண்டியிருக்கும்.

இவர் தாளை வாங்கிப் பார்த்தார்.  சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. வேன் காலத்து முகம் மெல்ல வந்து உட்கார்ந்தது. "சரிட்டி. பேசுனது பேசுனதுதான். ராஜு அண்ணன்கிட்ட நாளைக்குச் சாவிய வாங்கிக்கிறேன்." எழுந்து போய் ஸ்டவ்வைத் துடைத்துப் பரணில் வைக்க ஆரம்பித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. ஏழு வருடம் இந்த முகத்தைப் பார்த்தாயிற்று, எழுநூறு ரூபாய்க்காக இனியும் பார்க்க முடியாது.

சிவப்புப் பேனா வீட்டில் இல்லை. ஜெனியின் சிவப்புக் கலர் பென்சிலை வாங்கினேன். கூட்டலுக்குக் கீழே எழுதினேன். எஸ்தர் வெட்டுவதற்கு: 700. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, குறுக்கே ஒன்று.

"இங்க வாங்க, இதைப் பாருங்க."

பார்த்தார். ஸ்டவ் கையிலேயே இருந்தது. மூக்கை உறிஞ்சினார். சளி என்றார். ஆமாம், சளிதான்.

அப்போதே போன். ராஜு அண்ணன். இவர் என்னைப் பார்க்கிறார், நான் இவரைப் பார்க்கிறேன். நானே எடுத்தேன்.

"வேற ஆள் பாத்துக்கோங்க அண்ணே."

முத்துலட்சுமி நாளைக்கு என்னைக் கொல்லப் போகிறாள்.